பயனாளிப் பட்டியலிலிருந்து திட்ட மேசைக்கு

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, படகிலும் கால்நடையாகவும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த நாள் தொடக்கம் எமது பெயர்கள் எத்தனையோ பட்டியல்களில் ஏறியுள்ளன. நிவாரணப் பட்டியல், கிடுகுப் பட்டியல், கிணற்றுப் பட்டியல், மலசலகூடப் பட்டியல், வீட்டுப் பட்டியல், மீள்குடியேற்றப் பட்டியல் என்று அவை நீண்டு செல்கின்றன. ஒவ்வொரு பட்டியலுக்கும் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் பின்னால் ஒரு மேசை இருந்தது. என்ன செய்வது, எப்போது செய்வது, எவ்வளவு செலவிடுவது என்பதெல்லாம் அந்த மேசையில் தீர்மானிக்கப்பட்டன. அங்கே எம்மவர் அமர்ந்திருந்தது மிக அரிது.

2007ஆம் ஆண்டில் உலக வங்கி 32 மில்லியன் டொலர் நிதியில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்தை அங்கீகரித்தது. நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதலாம் கட்டம் 2011இலும் ஏனைய கட்டங்கள் 2014இலும் இயங்கத் தொடங்கின. மாம்புரிப் பக்கத்தில் காற்றாலைகள் எழுந்தன. எல்லாம் எமது கண்முன்னே நடந்த வேலைகள். மண் சுமந்தவர்களும் கல் அடுக்கியவர்களும் எமக்குள் இருக்கிறார்கள். ஆனால் கால அட்டவணையை எழுதியவர் எமக்குள் எத்தனை பேர்?

இக்கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. உயர்தரம் முடித்த பிள்ளைகள் "புறொஜெக்ட் மனேஜ்மன்ட்" படிக்கப் போகிறோம், சான்றிதழ்ப் பரீட்சை எழுதப் போகிறோம் என்கிறார்கள். நகரத்து மதில்களில் அதற்கான வகுப்பு விளம்பரங்களும் ஒட்டப்படுகின்றன. வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலி வேலை செய்து பிள்ளையைப் படிப்பிக்கும் தாய் தந்தையருக்கு இது என்ன படிப்பு, இதற்குக் காசு கட்டலாமா என்ற தடுமாற்றம் ஏற்படுவது இயல்பே. எமது கருத்து இதுதான்: பிள்ளைகள் இதைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் தொழிலுக்கான சீட்டாக நினைத்துக் கடன்பட்டுப் படிக்க வேண்டாம். திட்ட மேசையின் மொழியைக் கற்கும் வழியாக, கூட்டாக, எமது சொந்த வேலைகளை உதாரணமாக வைத்துப் படிக்க வேண்டும்.

இது என்ன பரீட்சை?

திட்ட முகாமைத்துவத்துக்கென 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. என்ற அமைப்பு பல பரீட்சைகளை நடத்துகிறது. அவற்றுள் முதற்படியில் இருப்பது சீ.ஏ.பி.எம். எனப்படும் சான்றிதழ். பட்டம் தேவையில்லை, வேலை அனுபவமும் தேவையில்லை. பாடசாலைக் கல்வியை நிறைவு செய்திருக்க வேண்டும். பரீட்சைக்கு முன் 23 மணித்தியாலங்கள் திட்ட முகாமைத்துவம் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும். அவ்வளவுதான்.

பரீட்சையில் 150 வினாக்கள். நேரம் மூன்று மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 72 செக்கன்தான் கிடைக்கும். 150இல் 15 வினாக்கள் பரீட்சார்த்தமாகச் சேர்க்கப்பட்டவை, அவற்றுக்குப் புள்ளியில்லை. எவை அந்தப் பதினைந்து என்பது எழுதுபவருக்குத் தெரியாது. மிகுதி 135 வினாக்களும் 2023ஆம் ஆண்டிலிருந்து நான்கு பகுதிகளாக வருகின்றன. அடிப்படை எண்ணக்கருக்கள் 36 வீதம், முன்கூட்டியே முழுதாகத் திட்டமிட்டுச் செய்யும் முறை 17 வீதம், சிறுசிறு கட்டமாகச் செய்து திருத்திக்கொண்டு போகும் 'அஜைல்' முறை 20 வீதம், தேவைகளை ஆராயும் பகுதி 27 வீதம். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விடலாகாது.

இன்னொரு வழியும் உண்டு. அபிவிருத்தி வேலை செய்யும் நிறுவனங்களுக்கென்றே உருவானது, முன்பு பி.எம்.டி. புறோ என்று அழைக்கப்பட்டு இப்போது புறொஜெக்ட் டீ.புறோ எனப்படும் சான்றிதழ். சர்வதேச அரச சார்பற்ற நிறுவனங்கள் பல சேர்ந்து உருவாக்கிய அதன் வழிகாட்டி நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிணறு, வீடு, வாழ்வாதாரம், பயிற்சி என்று நாம் நாளாந்தம் காணும் வேலைகளே அதில் உதாரணங்கள். கட்டடக் கம்பனி, கணனிக் கம்பனி என்று வெளியே போக நினைப்பவருக்கு முதலாவது பொருந்தும். கிராமத்திலும் அபிவிருத்தித் துறையிலும் நின்று வேலை செய்ய விரும்புபவருக்கு இரண்டாவது நெருக்கமானது. எதை எழுதினாலும் தொடக்கத்தில் அந்த இலவச நூலைப் படிப்பது நட்டமாகாது.

எமக்குத் தெரிந்ததற்கு அவர்கள் வைத்த பெயர்

ஆங்கிலப் பெயர்களைக் கேட்டுப் பிள்ளைகள் மிரள்கிறார்கள். உண்மையில் இதில் பாதி, தோட்டம் செய்தவருக்குக் கைவந்த விடயம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சின்ன வெங்காயம் நடப்போகிறோம். நிலம் பண்படுத்திப் பாத்தி கட்ட 10 நாள் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் தண்ணீர்ப் பம்பியைத் திருத்த 4 நாள், விதை வெங்காயம் வாங்கிவர 3 நாள். மூன்றும் முடிந்தால்தான் நடலாம். நடுகைக்கு 3 நாள், பயிர் வளர 65 நாள், பிடுங்கிக் காயவைக்க 7 நாள். எல்லாவற்றையும் கூட்டினால் 92 நாள் வரும். ஆனால் வெங்காயம் கைக்கு வர 92 நாள் ஆகாது. பாத்தி, நடுகை, வளர்ச்சி, அறுவடை என்ற வழியில் 85 நாள்தான். பம்பி திருத்தலும் விதை வாங்கலும் பாத்தி வேலையோடு சேர்ந்தே நடந்துவிடும். பம்பி வேலை ஆறு நாள் பிந்தினாலும் அறுவடை பிந்தாது. பாத்தி வேலை ஒரு நாள் பிந்தினால் அறுவடையும் ஒரு நாள் பிந்தும். தாமதம் தாங்காத அந்த வழியைத்தான் 'கிறிட்டிக்கல் பாத்' என்கிறார்கள். பம்பிக்கு இருக்கும் ஆறு நாள் தளர்வை 'ஃபுளோட்' என்கிறார்கள். எந்த வேலைக்கு ஆளைக் கூட்டுவது, எதைக் கொஞ்சம் பிந்தவிடலாம் என்று வரம்பில் நின்று நாம் பேசிக்கொள்வது இதுவேதான்.

இடர் பற்றிய பாடமும் அப்படியே. இடரைத் தவிர்க்கலாம், குறைக்கலாம், இன்னொருவரிடம் மாற்றலாம், அல்லது ஏற்றுக்கொள்ளலாம் என்று நூல் சொல்கிறது. மாரி மழைக்குப் பள்ளக் காணியில் நடாமல் விடுவது தவிர்த்தல். வெங்காயத்தோடு மிளகாயும் வைப்பது குறைத்தல். பயிர்க் காப்புறுதி செய்வது மாற்றல். அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து விலை விழுந்தால் பார்த்துக்கொள்வோம் என்று கையில் கொஞ்சம் காசு வைத்திருப்பது ஏற்றல்.

ஆனால் எமக்குத் தெரியாத பாதியும் உண்டு. அதுதான் எமக்கு அதிகம் நட்டத்தை உண்டாக்கியது. வீட்டுக் கணக்கை எடுப்போம். 2012இல் வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. குடும்பமே வீட்டைக் கட்ட வேண்டும், வேலை முன்னேற முன்னேறத் தவணையாகக் காசு வரும் என்பது ஏற்பாடு. இத்தகைய வீட்டுத் திட்டங்களில் பல குடும்பங்கள் கடன்பட்டே கூரை போட்டன. இது எங்கே தொடங்குகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

இன்றைய திகதிக்குப் பாதி வேலை, அதாவது 275,000 ரூபா பெறுமதியான வேலை முடிந்திருக்க வேண்டும். உண்மையில் முடிந்த வேலையின் பெறுமதி 220,000 ரூபா. செலவான காசு 264,000 ரூபா. "இன்னும் பாதிக்கு மேல் காசு மிச்சமிருக்கிறதே" என்று நாம் ஆறுதல் அடைவோம். ஆனால் 220ஐ 264ஆல் வகுத்தால் 0.83 வருகிறது. செலவழித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் 83 சத வேலைதான் நடந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் 550,000 ரூபாவில் வீடு முடியாது. 660,000 ரூபா தேவைப்படும். 110,000 ரூபா துண்டு விழும் என்பது சுவர் எழும்பும்போதே தெரிந்துவிடுகிறது. அப்போது தெரிந்தால் ஒரு அறையைக் குறைக்கலாம், விறாந்தையைப் பிறகு பார்க்கலாம், மேசன் கூலியைப் பேசித் தீர்க்கலாம். கூரை மட்டத்தில் தெரிந்தால் நகைதான் அடகுக்குப் போகும். 'ஏண்ட் வெலியூ' என்று பரீட்சையில் வரும் பாடம் இந்த வகுத்தல் கணக்கே. ஐந்தாம் வகுப்புப் படித்தவரும் போடலாம். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். போட்டதை மட்டும் அளந்தோம், வந்ததை அளக்க எமக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

கிணறு கட்டினால் திட்டம் முடிந்ததா?

பரீட்சையின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தேவைகளை ஆராய்வது பற்றியது. பிள்ளைகள் இதைக் கம்பனிக்காரர் விடயம் என்று ஒதுக்கிவிடக்கூடும். எமக்கு மிக வேண்டியது இப்பகுதிதான்.

கற்பிட்டிக் குடாநாட்டின் நன்னீர், மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். தோட்டங்களுக்கு இடும் பசளையின் நைத்திரேற்று மணலூடாக இலகுவாக அந்த நீரில் இறங்கிவிடுகிறது. இதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. போத்தலில் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது குறிப்பாக ஆபத்தானது.

இனி ஒரு திட்டத்தை எண்ணிப் பாருங்கள். இருபது கிணறு, குறித்த நாளில், குறித்த செலவில். அறிக்கையில் நூற்றுக்கு நூறு வெற்றி. ஆனால் அந்த நீர் பிள்ளைக்குக் கொடுக்க உகந்ததில்லை என்றால் அத்திட்டம் எதைச் சாதித்தது? கிணறு என்பது கையளிக்கும் பொருள். குடிக்கத்தக்க நீர் என்பதே தேவை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைக் காகிதம் எழுதப்படும் நேரத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தோட்டத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம், நீரை எவர் எப்போது பரிசோதிப்பார், இதில் அக்கறையுள்ளவர்கள் யார் யார் என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும். கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் பெண்ணுக்கு இவ்விடயம் தெரியும். ஆனால் அது காகிதத்தில் எழுதப்படும் மொழி அவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்ப எமது பிள்ளையே சிறந்தவர், அதிலும் பெண் பிள்ளை. நடுகையிலும் களையெடுப்பிலும் சீட்டுக் கணக்கிலும் எமது பெண்களின் கை இருக்கும்போது, இந்தப் படிப்பை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்குவது நியாயமல்ல.

சொல்லப்படும் மறுப்புகள்

"காணியும் தண்ணீரும்தான் எங்கள் பிரச்சினை. சான்றிதழ் காணி தருமா?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். தராது. காணி உறுதியும் வாக்காளர் பதிவும் அரசியல் தீர்மானங்கள். அவற்றுக்கான குரலை எந்தப் பரீட்சையும் ஈடுசெய்யாது. ஆனால் தீர்மானம் கிடைத்த பின்னும் அது திட்டமாகித்தான் எம்மிடம் வருகிறது. அந்த நேரத்தில் வாசிக்கத் தெரியாமல் நிற்பதால் எமக்கு என்ன இலாபம்?

"படித்தால் வேலை கிடைக்குமா?" என்பது இரண்டாவது கேள்வி. நிச்சயமாகக் கிடைக்கும் என்று விளம்பரத்தில் எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2004 கடற்கோளுக்குப் பின்னும் 2009க்குப் பின்னும் இருந்ததுபோல் நிறுவன வேலைகள் இன்று இல்லை. 2025இல் அமெரிக்காவின் யூ.எஸ்.எயிட் மூடப்பட்டதோடு உலகெங்கும் அபிவிருத்தி நிதி சுருங்கியது. இச்சான்றிதழ் விண்ணப்பத்தில் ஒரு வரி. அந்த வரிக்கு உயிர் கொடுப்பது செய்து காட்டிய வேலை. சங்கத்தின் ஒரு மதகு வேலையை நாள் தவறாமல், கணக்குத் தவறாமல் முடித்துக் காட்டிய பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சையில் சொல்ல ஏதாவது இருக்கும். வெறும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மூன்றாவது, செலவு. அண்மைய ஆண்டுகளில் சீ.ஏ.பி.எம். பரீட்சைக் கட்டணம் உறுப்பினர் அல்லாதவருக்கு 300 டொலர் அளவில் இருந்துள்ளது. ஒரு டொலர் 300 ரூபா என்று பார்த்தாலும் 90,000 ரூபா. வகுப்புக் கட்டணம் வேறு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கும் செலவுண்டு. கூலிக் குடும்பத்துக்கு இது சிறு தொகையல்ல. இதற்காகத் தோட்டை அடகு வைப்பதையும் நுண்கடன் எடுப்பதையும் நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம்.

எப்படி ஆயத்தமாவது?

முதலாவது, தனியாகப் படிக்க வேண்டாம். ஐந்தாறு பேர் சேர்ந்து படிப்பு வட்டம் அமையுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மணித்தியாலம் வீதம் 12 வாரம் போதுமான தொடக்கம். அடிப்படைக்கு நான்கு வாரம், முன்திட்ட முறைக்கு இரண்டு, அஜைலுக்கு இரண்டு, தேவை ஆய்வுக்கு மூன்று, கடைசி வாரம் மாதிரிப் பரீட்சை. வினாக்களின் விகிதத்தைப் பார்த்தே இப்படிப் பிரித்திருக்கிறோம்.

இரண்டாவது, பி.எம்.ஐ. வெளியிடும் பரீட்சை உள்ளடக்க விபரத்தை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அதை முன்னால் வைத்துப் படியுங்கள். 2023க்கு முந்திய பழைய புத்தகங்களையும் வினாத்தாள்களையும் விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம், பரீட்சை மாறிவிட்டது. வகுப்பில் சேர முன் 23 மணித்தியால அத்தாட்சி தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, மொழி. பரீட்சை தமிழில் இல்லை. எமது பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட இதுவே பெரிய தடை. ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரலில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் தமிழ்க் கருத்து, மூன்றாவதில் எமது ஊர் உதாரணம். மூன்றாம் நிரலை மூத்தவர்களிடம் கேட்டு நிரப்புங்கள். பம்பிக்கு எத்தனை நாள் தளர்வு என்பதை வாப்பாவும் பெரியப்பாவும் ஆசிரியரைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நான்காவது, ஆவணம். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று இருப்பது சாதாரணம். ஆங்கிலத்திலும் பெயர் உள்ள செல்லுபடியான ஆவணம் கையில் இருக்கிறதா என்று கட்டணம் கட்ட முன்பே பாருங்கள்.

ஐந்தாவது, வீட்டிலிருந்து கணனியில் எழுதும் வசதி உண்டு. ஆனால் தனி அறையும் அறுபடாத இணைப்பும் வேண்டும், இடையில் எவரும் உள்ளே வரலாகாது. ஒரே அறையில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் இது கடினம். கொழும்புக்குப் போய்ப் பரீட்சை நிலையத்தில் எழுதுவதே நல்லது.

ஆறாவது, முழு மாதிரிப் பரீட்சை மூன்றில் நிலையாக நூற்றுக்கு எண்பது எடுத்த பின்னரே கட்டணம் கட்டுங்கள். தேறுவதற்கான புள்ளியை பி.எம்.ஐ. வெளியிடுவதில்லை, ஆகவே இந்த எண்பது எமது பாதுகாப்பு அளவு. ஓராண்டுக்குள் மூன்று முறை எழுதலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் காசு. அந்த அளவை எட்டிய பிள்ளைக்கு மட்டும் கிராம அபிவிருத்திச் சங்கமோ மகளிர் சங்கமோ கட்டணத்தின் ஒரு பகுதியை வட்டியில்லாமல் கொடுத்து, உழைக்கத் தொடங்கியதும் தவணையாகத் திருப்பிப் பெறலாம். திரும்பி வரும் காசு அடுத்த பிள்ளைக்குப் போகும்.

கட்டணம் கட்ட வழியே இல்லை என்றாலும் படிப்பு வட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. அறிவுக்குப் பரீட்சைக் கட்டணம் கிடையாது. படித்தவர்கள் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. ஊருக்கு எந்தத் திட்டம் வந்தாலும் சங்கத்தின் சார்பில் ஐந்து கேள்விகளை எழுதிக் கேட்க வேண்டும். இத்திட்டம் எந்தத் தேவைக்கு, அத்தேவையை யாரிடம் கேட்டு எழுதினீர்கள்? எந்த வேலை எந்த நாளில் முடியும்? மொத்தச் செலவில் ஊருக்குள் வருவது எவ்வளவு? பிழைத்தால் யார் பொறுப்பு? நீங்கள் போன பின் இதை யார், எந்தக் காசில் பராமரிப்பார்?

நல்ல நிறுவனங்கள் இக்கேள்விகளை வரவேற்கும். வரவேற்காத இடத்தில் விடயம் என்னவென்று எமக்கு விளங்கிவிடும். அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் படிப்பு வட்டத்தை ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் வருவார்கள், எந்த வீட்டுத் திண்ணையில், எத்தனை மணிக்கு என்று அன்றே எழுதிவிடுங்கள். வேலை, ஆள், நாள் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், பிள்ளைகள் படிக்கப்போகும் பாடத்தின் முதல் பக்கத்தை நாம் ஏற்கெனவே செய்து முடித்தவர்களாவோம்.